எண்டோமெற்றியோசிஸ்: எதிர்ப்புச் சக்தி எங்கே வழிமாறுகிறது?

“பொம்பிளைப் பிள்ளையெண்டால் வயித்துக்குத்து இருக்கத்தான் செய்யும்.” யாழ்ப்பாணத்து வீடுகளில் இந்த ஒரு வசனத்தோடு எத்தனையோ பிள்ளைகளின் வருத்தம் மூடிவைக்கப்படுகிறது. அதைத் தாண்டி வைத்தியரிடம் போய், எண்டோமெற்றியோசிஸ் என்ற பெயரோடு வீடு திரும்புகிறவர்களுக்கு அடுத்த குழப்பம் காத்திருக்கும். “ஓமோன் பிழை” என்பார் ஒருவர். “கெட்ட இரத்தம் உள்ளுக்கை தங்கிட்டுது” என்பார் பெரியம்மா. வைபர் குழுவில் யாராவது “எதிர்ப்புச் சக்தி குறைஞ்சால் வாற வருத்தம், இந்த மாவைக் கரைச்சுக் குடியுங்கோ” என்று ஒரு படத்தை அனுப்பியிருப்பார்.

எனக்கு அதிகம் கவலை தருவது அந்தக் கடைசிப் பேச்சுத்தான். அதில் அரைவாசி உண்மை இருப்பதால் அது இலகுவில் எடுபட்டுவிடுகிறது. எதிர்ப்புச் சக்திக்கும் இந்த நோய்க்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. ஆனால் நோய் இருக்கும் இடத்தில் எதிர்ப்புக் கலங்கள் நிறையவே இருக்கின்றன, ஓய்வில்லாமல் வேலையும் செய்கின்றன. அவை ஒன்றுக்கொன்று அனுப்பும் இரசாயனச் செய்திகள் அந்த வேலையைத் தவறான திசைக்குக் கொண்டுபோய்விடுகின்றன. அது எப்படி நடக்கிறது என்று விளங்கினால், வைத்தியர் தரும் குளிசை எதற்கு என்பதும், அந்த மாவில் காசைக் கொட்டலாமா என்பதும் தானாகவே விளங்கும்.

## முதலில், நோய் என்ன?

கர்ப்பப்பையின் உட்புறத்தில் மாதாமாதம் தடித்து, கர்ப்பம் தங்காவிட்டால் உதிர்ந்து மாதவிடாயாக வெளியேறும் படை ஒன்று இருக்கிறது. இந்தக் கட்டுரையில் அதை உட்படை என்றே சொல்கிறேன். அந்த உட்படையைப் போன்ற இழையம் கர்ப்பப்பைக்கு வெளியே பிடித்து வளர்வதுதான் எண்டோமெற்றியோசிஸ். சூலகத்தில் வரலாம். கர்ப்பப்பைக்குப் பின்னால், குடலின் மேற்பரப்பில், சலப்பையில் வரலாம். இது புற்றுநோய் அல்ல, தொற்றுவதும் இல்லை. பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ 10 சதவீதம் பேருக்கு, அதாவது உலகம் முழுவதும் சுமார் 19 கோடிப் பேருக்கு இது இருக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

தொப்புளுக்கு அருகே சிறு துளையிட்டுக் கமெராவை உள்ளே விட்டுப் பார்க்கும் லப்பரஸ்கோப்பியில் இது நேரடியாகத் தெரியும். வயிற்றறையின் உள் உறை வழுவழுப்பாக, ஈர மினுக்கத்தோடு இளஞ்சிவப்பாக இருக்கும். நோயுள்ள பெண்ணில் அதன்மேல் அங்கங்கே கருநீலப் புள்ளிகள் தெரியும். சில இடத்தில் சிவந்த புடைப்பு, சில இடத்தில் நிறமே இல்லாத சிறு கொப்புளம், பழைய இடங்களில் வெள்ளைத் தழும்பு. சூலகத்துக்குள் பழைய குருதி தேங்கித் தடித்து, கடும் கபில நிறத்தில் கட்டியாக இருக்கலாம். “சொக்லேட் கட்டி” என்று வைத்தியர்கள் சொல்வது அதைத்தான். கர்ப்பப்பைக்குப் பின்னாலுள்ள பள்ளத்தில் சில தேக்கரண்டி அளவு நீர் தேங்கி நிற்கும். அந்த நீர் எல்லாப் பெண்களிலும் உண்டு. இதை வயிற்றறை நீர் என்போம். இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அந்தச் சில தேக்கரண்டி நீருக்குள்தான் நடக்கிறது.

## எல்லோருக்கும் பின்னால் போகிறது, பத்தில் ஒருவருக்கே பிடிக்கிறது

உட்படை எப்படி வெளியே போனது? அமெரிக்கப் பெண்ணோயியல் வைத்தியர் ஜோன் சாம்ப்சன் 1927 இல் ஒரு விளக்கம் சொன்னார். மாதவிடாய்க் குருதியில் ஒரு பகுதி கீழே வெளியேறாமல், கர்ப்பப்பையிலிருந்து சூலகப் பக்கம் போகும் பலோப்பியன் குழாய் வழியாகப் பின்னோக்கிப் போய் வயிற்றறைக்குள் விழுகிறது. அதோடு போகும் உட்படைத் துணுக்குகள் அங்கே ஒட்டிக்கொள்கின்றன. இன்றைக்கும் பரவலாக ஏற்கப்படும் விளக்கம் இதுதான். நுரையீரல் போன்ற தூரத்து இடங்களில் மிக அரிதாக நோய் வருவதை இதனால் முழுதாக விளக்க முடிவதில்லை.

பின்னாளில் பார்த்தபோது, குழாய் அடைபடாத பெண்களில் 90 சதவீதம் வரையானவர்களுக்கு இந்தப் பின்னோட்டம் நடப்பது தெரியவந்தது. ஆகவே அது ஒரு கோளாறே அல்ல, சாதாரண நிகழ்வு. பெரியம்மா சொல்லும் “கெட்ட இரத்தமும்” இல்லை. மாதவிடாய்க் குருதியில் அழுக்கு என்று எதுவும் கிடையாது.

சரி, பெரும்பாலானவர்களுக்கு நடக்கும் ஒரு விசயம் ஏன் பத்தில் ஒருவருக்கு மட்டும் நோயாகிறது? மற்றவர்களின் வயிற்றறையில் விழுந்த துணுக்குகளை எதிர்ப்புக் கலங்கள் சில நாளில் துப்புரவாக்கிவிடுகின்றன. நோய் வருகிறவர்களில் துப்புரவு முடிவதில்லை. பரம்பரைக்கும் இதில் பங்குண்டு. தாய்க்கோ சகோதரிக்கோ இருந்தால் வாய்ப்புக் கூடும்.

## சைற்றோகைன் என்றால்?

ஒரு ஒழுங்கையில், இரவு நேரம், ஒரு வீட்டு வளவுக்குள் பாம்பு வந்துவிட்டது. கண்ட ஆள் கத்துகிறார், “பாம்பு! பாம்பு!” பக்கத்து வீட்டார் ஓடி வருகிறார்கள். “டோர்ச் கொண்டு வாங்கோ” என்று ஒரு குரல். “தடி கொண்டு வாங்கோ” என்று இன்னொன்று. “வேலியைப் பிரியுங்கோ, அங்காலை பூந்திட்டுது” என்று வேறொன்று. ஒவ்வொரு குரலுக்கும் ஒவ்வொரு வேலை நடக்கிறது. கேட்கும் தூரத்தில் உள்ளவர்கள் மட்டும் வருகிறார்கள். வந்தவர்களும் கத்துவதால் இன்னும் ஆட்கள் சேர்கிறார்கள். கடைசியில் யாராவது ஒரு பெரியவர் “சரி, போட்டுது, எல்லாரும் வீட்டை போங்கோ” என்று சொல்ல வேண்டும். அந்தக் குரல் வராவிட்டால் விடிய விடியக் கூட்டம் நிற்கும். வேலி பிரிந்து, பூக்கண்டுகள் மிதிபட்டு, வந்தவர்களாலேயே வளவு பாழாகும்.

உடலில் அந்தக் குரல்கள்தான் சைற்றோகைன்கள். ஒரு கலம் வெளியே விட்டு, பக்கத்துக் கலத்தின் நடத்தையை மாற்றும் சிறிய புரதம் சைற்றோகைன். அதைக் கேட்பதற்கென்று கலத்தின் மேற்பரப்பில் வாங்கி என்ற இன்னொரு புரதம் இருக்க வேண்டும். வாங்கி இல்லாத கலத்துக்கு அந்தச் செய்தி போய்ச் சேராது. பெரும்பாலான சைற்றோகைன்கள் சுரந்த இடத்திலேயே, கொஞ்ச நேரம் மட்டும் வேலை செய்யும். அழற்சியைக் கூட்டும் சைற்றோகைன்கள் உண்டு, அடக்குபவையும் உண்டு. அழற்சி என்பது காயமோ கிருமியோ உள்ள இடம் சிவந்து, வீங்கி, சூடாகி, நோகும் நிலை. அது உடலின் பாதுகாப்பு வேலை. ஆபத்து அது முடியாமல் நீளும்போதுதான்.

றிப்போட்டுகளிலும் இணையத்திலும் கண்ணில் படும் பெயர்கள் சில உண்டு: இன்ரர்லூக்கின்-1, இன்ரர்லூக்கின்-6, இன்ரர்லூக்கின்-8, ரி.என்.எஃப். இவை எல்லாம் சைற்றோகைன்களே. பெயரை மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

## மாதவிடாயே ஒரு அழற்சிதான்

இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை, ஆனால் எனக்கு இந்தக் கதையின் மிக முக்கியமான துண்டு இது. ஒவ்வொரு மாதமும் கர்ப்பப்பைக்குள் ஒழுங்கான, அளவான ஒரு அழற்சி நடக்கிறது. மாதவிடாய்ச் சுற்றின் முடிவில் புரொஜெஸ்தரோன் என்ற ஓமோன் குறைகிறது. அதுவரை அது அழற்சிச் செய்திகளை அடக்கி வைத்திருந்தது. அடக்குமுறை தளர்ந்ததும் இன்ரர்லூக்கின்-8 போன்ற சைற்றோகைன்கள் கூடுகின்றன, வெண்குருதிக் கலங்கள் உட்படைக்குள் புகுகின்றன, படை உடைந்து குருதி வருகிறது. கூடவே புரொஸ்ரகிளாண்டின் சுரக்கிறது. இது கொழுப்பிலிருந்து உண்டாகும் செய்திப் பொருள், புரதம் அல்ல. கர்ப்பப்பைத் தசையை இறுக வைத்து, வழக்கமான வயித்துக்குத்தைத் தருவது இதுதான்.

ஆச்சரியம் என்னவென்றால், சில நாளில் எல்லாம் அடங்கி, தழும்பே இல்லாமல் புதுப்படை வளர்ந்துவிடும். உடலில் வேறெங்கும் இப்படி மாதாமாதம் உடைந்து, சுவடில்லாமல் ஆறும் இடம் இல்லை.

இப்போது பின்னோட்டத்தை மறுபடி நினையுங்கள். வயிற்றறைக்குள் விழும் துணுக்கு வெறும் இறந்த இழையம் அல்ல. உடைந்து மீள வளரும் வேலையின் நடுவில், அத்தனை செய்திகளையும் சுமந்துகொண்டு வந்து விழுகிறது. கர்ப்பப்பைக்குள் அந்த வேலை சில நாளில் நின்றுவிடும். வயிற்றறையில் நிற்பதில்லை.

## வயிற்றறை நீருக்குள் நடப்பது

துணுக்குகளை அகற்றுவதற்கு வரும் முதன்மையான கலம் மக்ரோபேஜ். இறந்த கலங்களையும் குப்பையையும் விழுங்கித் துப்புரவாக்கும் பெரிய வெண்குருதிக் கலம் அது. எண்டோமெற்றியோசிஸ் உள்ள பெண்களின் வயிற்றறை நீரில் மக்ரோபேஜ்களின் தொகை மற்றவர்களைவிடக் கூட. ஆனால் அவற்றின் விழுங்கும் திறன் குறைந்திருக்கிறது, சைற்றோகைன் சுரப்பது கூடியிருக்கிறது. துப்புரவாக்க வந்தவை துப்புரவை விட்டுவிட்டுச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. அந்தச் செய்திகளில் சில இன்னும் மக்ரோபேஜ்களை வரவழைக்கின்றன.

இடம் மாறிய கலங்களைக் கொல்லக்கூடிய இன்னொரு வகை உண்டு. இயற்கைக் கொல்லிக் கலம் என்று அதற்குப் பெயர். இந்த நோயில் அதன் கொல்லும் திறன் மழுங்கிப்போகிறது. இன்ரர்லூக்கின்-6 உம், ரி.ஜி.எஃப்-பீற்றா என்ற இன்னொரு சைற்றோகைனும் அதை மழுக்குகின்றன. ஆகவே ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், எதிர்ப்பின் ஒரு கை ஓங்கியும் மறு கை தளர்ந்தும் இருக்கிறது. “சக்தி குறைஞ்சிட்டுது” என்ற பேச்சு இங்கேதான் பொருந்தாமல் போகிறது. எந்தக் கையை நாங்கள் கூட்டப்போகிறோம்?

மிச்சக் கதை காயம் ஆற்றும் கதை. காயம் ஆறுவதற்குப் புதுக் குருதிக் குழாய் வேண்டும், தழும்பு வேண்டும், நரம்பு வேண்டும். மக்ரோபேஜ்கள் அவற்றுக்கான செய்திகளையும் அனுப்பத் தெரிந்தவை. வி.ஈ.ஜி.எஃப் என்ற செய்திப் புரதம் குருதிக் குழாய்களை வளரச் சொல்லும். துணுக்குக்கு உணவு கிடைத்துவிடும். ரி.ஜி.எஃப்-பீற்றா தழும்பை உண்டாக்கும். அந்தத் தழும்பு கூடிப்போய்க் குடலையும் சூலகத்தையும் கர்ப்பப்பையையும் ஒன்றோடொன்று ஒட்டிவிடுவதைத்தான் “ஒட்டுப்பட்டிருக்கு” என்று சத்திரசிகிச்சைக்குப் பிறகு சொல்வார்கள். நரம்பு வளர்ச்சிக் காரணி என்ற இன்னொரு புரதம் அந்த இடத்துக்குள் மெல்லிய வலி நரம்புகளை இழுத்துவரும்.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால்: பின்னோக்கி விழுந்த துணுக்கை அகற்ற எதிர்ப்புக் கலங்கள் வருகின்றன, அகற்றி முடிக்காமல் அதைக் காயமாக எண்ணி ஆற்றத் தொடங்குகின்றன, ஆற்றும் செய்திகளால் அது வேர் பிடிக்கிறது.

## ஓமோனா, எதிர்ப்புச் சக்தியா?

இரண்டும்தான். இரண்டையும் தனித்தனியாக வைத்துப் பேசுவதால்தான் பாதிக் குழப்பம்.

மக்ரோபேஜ் இன்ரர்லூக்கின்-1 ஐ விடுகிறது. அது பட்டதும் நோயிழையத்தின் கலங்கள் கொக்ஸ்-2 என்ற நொதியத்தைக் கூடுதலாக உண்டாக்குகின்றன. புரொஸ்ரகிளாண்டின் செய்யும் நொதியம் அது. கூடிய புரொஸ்ரகிளாண்டின் அதே கலங்களில் அரோமற்றேஸ் என்ற வேறொரு நொதியத்தைத் தூண்டுகிறது. அரோமற்றேஸின் வேலை ஈஸ்திரஜனை உண்டாக்குவது. ஈஸ்திரஜன் என்பது உட்படையை வளரச் செய்யும் பெண் ஓமோன். சாதாரண உட்படையில் அரோமற்றேஸ் இல்லையென்றே சொல்லலாம். இடம் மாறிய இழையமோ தனக்கு வேண்டிய ஈஸ்திரஜனில் ஒரு பங்கைத் தானே செய்துகொள்கிறது. அந்த ஈஸ்திரஜன் என்ன செய்கிறது? கொக்ஸ்-2 ஐ மேலும் கூட்டுகிறது. மறுபடி புரொஸ்ரகிளாண்டின், மறுபடி அரோமற்றேஸ், மறுபடி ஈஸ்திரஜன்.

இந்த வட்டத்தை நிறுத்தக்கூடியது புரொஜெஸ்தரோன். கர்ப்பப்பைக்குள் மாதாமாதம் அழற்சியை அடக்குவதும் அதுதான் என்று மேலே சொன்னேன். நோயிழையத்தின் கலங்களில் புரொஜெஸ்தரோன் வாங்கிகள் குறைவு. குருதியில் புரொஜெஸ்தரோன் போதுமான அளவு இருந்தாலும் அந்தக் கலங்களுக்கு அது சரியாகக் கேட்பதில்லை.

இனிக் குளிசைகளுக்கு வருவோம். மெபெனமிக் அசிட், இபுபுரோஃபென் போன்றவை கொக்ஸ் நொதியங்களைத் தடுத்துப் புரொஸ்ரகிளாண்டினைக் குறைக்கின்றன. அஸ்பிரின் வகை மருந்துகள் இப்படித்தான் வேலை செய்கின்றன என்பதை ஜோன் வேன் 1971 இல் காட்டினார். 1982 இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். புரொஸ்ரகிளாண்டின் சுரந்து முடிந்த பிறகு தடுப்பதைவிடச் சுரக்கத் தொடங்கும்போதே தடுப்பது நல்லது. ஆகவே “தாங்க ஏலாமல் போனாப் பிறகு போடுவம்” என்று காத்திருக்காமல், குத்துத் தொடங்கும்போதே, சாப்பாட்டுக்குப் பிறகு எடுக்கச் சொல்வார்கள். இரைப்பைப் புண், ஆஸ்துமா, சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் கேட்காமல் எடுக்கக்கூடாது. பனடோல் வேறு வகை, நோயுள்ள இடத்தில் புரொஸ்ரகிளாண்டினைப் பெரிதாகக் குறைக்காது. வழக்கமான மாதவிடாய் வலிக்கு மெபெனமிக் அசிட் பெரும்பாலும் போதும். எண்டோமெற்றியோசிஸில் பலருக்கு அது போதாமல் போவது ஏன் என்றும் இப்போது விளங்கும். வட்டத்தின் ஒரு படியை மட்டும்தான் அது தடுக்கிறது.

அப்புறம் ஓமோன் குளிசைகள். டயனோஜெஸ்ற் போன்ற, புரொஜெஸ்தரோனை ஒத்த மருந்துகளும், கர்ப்பத்தடைக் குளிசைகளும் ஈஸ்திரஜனின் தூண்டலைத் தாழ்த்துகின்றன, அடக்கும் செய்தியை உரத்துச் சொல்கின்றன. வாங்கிகள் குறைந்த கலங்களில் அது எடுபடாமலும் போகலாம். ஆகையால் ஒருவருக்குச் சரிவந்த மருந்து இன்னொருவருக்குச் சரிவராமல், மாற்றிப் பார்க்க வேண்டி வரும்.

இங்கே தாய்மாரிடம் ஒன்றை நேராகச் சொல்ல வேண்டும். “கலியாணம் கட்டாத பிள்ளைக்கு இந்தக் குளிசையோ? பிறகு பிள்ளை தங்காமல் போகாதோ?” என்று பயந்து, எழுதித் தந்த மருந்தை மேசை லாச்சிக்குள் வைத்துவிடுகிற வீடுகள் உண்டு. இந்தக் குளிசைகள் கர்ப்பப்பையைக் கெடுப்பதில்லை. நிறுத்தினால் மாதவிடாயும் கருத்தரிக்கும் திறனும் திரும்பி வரும். பிள்ளை தங்குவதில் சிக்கல் தருவது அடங்காமல் நீளும் அழற்சியும் அதனால் வரும் ஒட்டுகளும்தான். “கலியாணம் கட்டினால் எல்லாம் சரியாகும்” என்பதிலும் உண்மை இல்லை. கர்ப்ப காலத்தில் சிலருக்கு வலி தணியலாம், ஆனால் அது குணமாக்கும் சிகிச்சை அல்ல.

## “ஸ்கானிலை ஒண்டுமில்லை, பிறகேன் இவ்வளவு நோ?”

சைற்றோகைன்களும் புரொஸ்ரகிளாண்டினும் வலி நரம்பின் முனையைக் கூருணர்வாக்குகின்றன. முன்பு வலியாக உணரப்படாத சின்ன இழுவையும் இப்போது வலியாகப் பதிகிறது. மலம் கழிக்கும்போது, சலம் போகும்போது, உடலுறவின்போது நோவதற்கு இதுவும் காரணம். இப்படி மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் வலிச் செய்தி போய்க்கொண்டே இருந்தால் முள்ளந்தண்டு நரம்பும் மூளையும் கூருணர்வாகி, அந்த வலியைப் பெரிதாக்கத் தொடங்கும். அதனால் மாதவிடாய் இல்லாத நாட்களிலும் நோகலாம்.

ஆகவே வலியின் அளவும் நோயிழையத்தின் அளவும் ஒத்துப்போக வேண்டியதில்லை. பெரிய சொக்லேட் கட்டியோடு வலி தெரியாமல் இருப்பவர்கள் உண்டு. மெல்லிய சில புள்ளிகளோடு பாடசாலைக்குப் போக முடியாமல் சுருண்டு படுக்கிற பிள்ளையும் உண்டு. உறையின் மேலுள்ள அந்த மெல்லிய புள்ளிகள் வழக்கமான ஸ்கானில் பெரும்பாலும் தெரிவதே இல்லை. ஐரோப்பிய மனித இனப்பெருக்க மருத்துவச் சங்கம் 2022 இல் வெளியிட்ட வழிகாட்டலும் ஸ்கான் சரியாக இருப்பதை வைத்து நோயில்லை என்று முடிவெடுக்கக்கூடாது என்கிறது. அறிகுறிகளை வைத்தே மருந்து தொடங்கலாம், அதற்கு முன் எல்லோருக்கும் லப்பரஸ்கோப்பி செய்தாக வேண்டும் என்றில்லை என்பதும் அதில் உள்ளது. “பிள்ளை நடிக்கிறாள்” என்று சொல்லும் முன் இதைக் கொஞ்சம் நினையுங்கள்.

## செய்தியையே தடுத்தால் என்ன?

நியாயமான கேள்வி. மூட்டுவாதத்துக்கு ரி.என்.எஃப் ஐத் தடுக்கும் ஊசிகள் நன்றாக வேலை செய்வதால், அதே வகையைச் சேர்ந்த இன்ஃபிளிக்சிமாப் என்ற மருந்தை ஆழமான எண்டோமெற்றியோசிஸுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2008 இல் வெளியான முடிவு ஏமாற்றம் தந்தது: வெற்று மருந்து பெற்றவர்களைவிட வலி குறையவில்லை. ஒரு செய்தியை அடைத்தால் அதே வேலையை வேறு செய்திகள் எடுத்துச் செய்துவிடுகின்றன என்பது இதற்கு ஒரு விளக்கம். 2023 இல் யப்பானிய ஆய்வாளர்கள் இன்ரர்லூக்கின்-8 ஐ நீண்ட காலம் தடுக்கும் பிறபொருளெதிரி ஒன்றைக் குரங்குகளுக்குக் கொடுத்தபோது நோயிழையமும் தழும்பும் ஒட்டும் குறைந்தன. பெண்களும் குரங்குகளும் மாதவிடாய் வரும் இனங்கள் என்பதால் எலியில் கிடைக்கும் முடிவைவிட இதற்கு மதிப்புக் கூட. ஆனாலும் குரங்கிலிருந்து மருந்துக்கடை வரை வழி நீளம்.

இரத்தப் பரிசோதனை பற்றியும் பலர் கேட்கிறார்கள். சைற்றோகைன்கள் சுரந்த இடத்திலேயே வேலை செய்பவை என்பதால் வயிற்றறை நீரில் நடப்பது கையில் எடுக்கும் இரத்தத்தில் தெளிவாகத் தெரிவதில்லை. அதோடு தடிமன் வந்தாலும் டெங்கு வந்தாலும் இதே சைற்றோகைன்கள்தான் ஏறும். இரத்தத்தில் அளக்கும் சி.ஏ.-125 என்ற புரதத்தின் அளவும் வேறு பல காரணங்களால் கூடும், நோய் இருந்தும் சாதாரணமாக இருக்கலாம். இந்த நோயை உறுதியாகக் காட்டவோ இல்லையென்று சொல்லவோ கூடிய இரத்தப் பரிசோதனை இன்றைக்கு இல்லை. அப்படி ஒன்று இருப்பதாகச் சொல்லிக் காசு கேட்டால் கொடுக்க வேண்டாம்.

“எதிர்ப்புச் சக்தி கூட்டும்” மாக்களுக்கும் இதே பதில்தான். குரக்கனும் முருங்கையிலையும் நல்ல சாப்பாடு, தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் வயிற்றறை நீரில் ஓங்கிய சைற்றோகைனை இறக்கி, மழுங்கிய கொல்லிக் கலத்தை ஏற்றித் தரும் மா எதுவும் இல்லை.

## கிளினிக்குக்குப் போகும்போது

இந்த நோயைக் கண்டுபிடிக்கப் பல நாடுகளில் ஆண்டுக்கணக்கில் தாமதமாகிறது. வலியைச் சாதாரணம் என்று எல்லோரும் சொல்லிவிடுவது அதற்கு ஒரு பெரிய காரணம். அரச வைத்தியசாலைப் பெண்ணோயியல் கிளினிக்கில் காசு வேண்டாம், ஆனால் சனம் அதிகம், வைத்தியரோடு கதைக்கக் கிடைக்கும் நேரம் குறைவு. அதனால் இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒரு கொப்பியில் குறித்துக்கொண்டு போங்கள்: நோ எந்தத் திகதியில் தொடங்கி எப்போது விட்டது, மாதவிடாய்க்கு முன்பா பின்பா, மலசலம் போகும்போது நோகிறதா, என்ன குளிசை எத்தனை போட்டும் நிற்கவில்லை, எத்தனை நாள் பாடசாலைக்கோ வேலைக்கோ போகவில்லை. தாய், சகோதரிகளில் யாருக்காவது இப்படி இருந்ததா என்பதையும் எழுதுங்கள். உடலுறவின்போது நோகிறதா என்று வைத்தியர் கேட்டால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். பக்கத்தில் மாமியார் நிற்பதால் சொல்ல முடியாவிட்டால், அவரை வெளியே இருக்கச் சொல்லும்படி தாதியிடம் கேட்கலாம்.